96 விழுக்காடும் ஒரு கொடிக்கயிறும்

இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே துணி காயப்போடும் கயிறு ஒன்றை இழுத்துக் கட்டினேன். இடப்பக்க நாற்காலியின் முதுகில் 0 என்றும் வலப்பக்க நாற்காலியின் முதுகில் 1 என்றும் எழுதி ஒட்டினேன். நாங்கள் வீட்டிலேயே படிக்கவைக்கும் பிள்ளைகள் இருவரில் மூத்தவளான பத்து வயது மகளிடம் ஐந்து அட்டைகளையும் ஐந்து துணிக் கிளிப்புகளையும் கொடுத்து, ஒவ்வொன்றும் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே மாட்டச் சொன்னேன். அரை, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று, மூன்றில் இரண்டு, நான்கில் மூன்று. இரண்டு நிமிட வேலை, முடித்துவிட்டு தசமங்களுக்குப் போய்விடலாம் என்பது என் கணக்கு.

அரையை நட்டநடுவில் மாட்டினாள். மூன்றில் ஒன்றை எடுத்து, கொஞ்சம் யோசித்து, அரைக்கு வலப்பக்கம் மாட்டினாள். நான்கில் ஒன்றை அதற்கும் வலப்பக்கம். மீதி இரண்டு அட்டைகளையும் கையில் வைத்துக்கொண்டு கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடம் போதவில்லை போல.

"ஏன் அம்மா, மூன்றில் ஒன்று அங்கே போனது?" என்று மகளிடம் கேட்டேன்.

"இரண்டுக்கு அப்புறம் மூன்று, மூன்றுக்கு அப்புறம் நான்கு."

சொன்ன விதத்தில் தயக்கமே இல்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது. ஏனென்றால் அதற்கு முந்தைய வாரம்தான் அவள் கணிதச் செயலியில் பின்னங்கள் அலகை முடித்திருந்தாள். 96 விழுக்காடு. பச்சை நிற வட்டம், உள்ளே ஒரு வெற்றிக் கிண்ணம், பறக்கும் வண்ணக் காகிதங்கள். சனிக்கிழமை காலையில் மின்னஞ்சலில் வரும் வாராந்திர அறிக்கையை நான் வங்கிக் கணக்குப் புத்தகம் பார்ப்பதுபோல் பார்ப்பேன். இருப்பு ஏறிக்கொண்டே போகிறது, கவலை வேண்டாம் என்று மடித்து வைத்துவிடுவேன். இப்போது கையிருப்பே இல்லை என்று தெரிந்தது.

"ஆனால் எனக்கு 96 வந்ததே" என்றாள். அவளுக்கும் குழப்பம்தான்.

அன்று பிற்பகல் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் செயலியில் எப்படிப் படிக்கிறாள் என்று முதன்முதலாகப் பார்த்தேன். கேள்வி வரும். உதவிப் பொத்தானை அழுத்துவாள். முதல் குறிப்பைப் படிக்கமாட்டாள். மறுபடி அழுத்துவாள். மூன்றாவது குறிப்பில் விடையே வந்துவிடும். அதை எடுத்துக் கட்டத்தில் போடுவாள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி என்றால் இன்னும் எளிது: தொட்டுக்கொண்டே போவாள், தவறானவை மங்கிவிடும், மிச்சமிருப்பது சரி. இதை அவள் மறைக்கவும் இல்லை. "இது ஏமாற்று இல்லை அப்பா. நான் கேட்கிறேன், அது சொல்கிறது" என்றாள். விளையாட்டின் விதிகளைக் கூர்ந்து கவனித்து, குறைந்த உழைப்பில் வெல்லும் வழியைக் கண்டுபிடித்திருக்கிறாள். பின்னம் வரவில்லையே தவிர, அறிவில் குறைவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரயன் பேக்கரும் உடன் பணியாற்றியவர்களும் கணினிவழிக் கணிதப் பாடங்களில் இதே பழக்கத்தை ஆராய்ந்து 2004-இல் எழுதியிருக்கிறார்கள் என்று பிறகு படித்தேன். குறிப்புகளை வேகமாகத் தட்டித்தட்டி விடைக்குப் போவது, விடைகளை வரிசையாக முயன்று பார்ப்பது. அவர்கள் விவரித்ததும் என் வீட்டுச் சோபாவில் நடந்ததும் ஒன்றே.

இதைவிடப் பழைய கதை ஒன்றும் உண்டு. அதில் கணினியே கிடையாது. 1973-இல் ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்ற கணிதக் கல்வி ஆய்வாளர் அமெரிக்கப் பள்ளி ஒன்றில் பன்னிரண்டு வயதுச் சிறுவனோடு பேசினார். கட்டுரையில் அவனுக்கு வைத்த பெயர் பென்னி. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் பயிற்சித் தாள்களை முடித்து, விடைத்தாளோடு ஒப்பிட்டுத் திருத்தி, அடுத்த படிக்குப் போகும் முறை அங்கே இருந்தது. பென்னி நன்றாக முன்னேறிக்கொண்டிருந்தவன். எர்ல்வாங்கர் வாய்விட்டுக் கணக்குப் போடச் சொன்னபோதுதான் உள்ளே இருந்தது வெளியே வந்தது. பத்தில் ஐந்தைத் தசமமாக்கினால் 1.5 என்றான். மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் கூட்டி நடுவே புள்ளி வைப்பது அவன் விதி. அதன்படி பதினொன்றில் நான்கும் 1.5, நான்கில் பதினொன்றும் 1.5. விடைத்தாளோடு ஒத்துப்போகாவிட்டால் தன் விடை தவறு என்று அவன் நினைக்கவில்லை. அதே விடையை வேறு விதமாக எழுதியிருக்கிறார்கள், அவர்கள் எந்த விதத்தைக் கேட்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதே கணிதம் என்று எண்ணிக்கொண்டிருந்தான். அந்த முறையில் யாரும் அவனோடு உட்கார்ந்து பேசவேண்டிய தேவையே எழவில்லை. மதிப்பெண் வந்துகொண்டிருந்ததே!

பென்னியைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அவன் ஆசிரியருக்கு வகுப்பு நிறையப் பிள்ளைகள். எனக்கு இரண்டே பேர்.

இந்த எண்ணிக்கையில்தான் விஷயமே இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் 1953-இல் தன் மகளின் கணக்கு வகுப்புக்குப் பார்வையாளராகப் போனார். சில பிள்ளைகள் முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள், சிலர் திணறுகிறார்கள், போட்டது சரியா தவறா என்று யாருக்கும் உடனே தெரிவதில்லை. வீட்டுக்கு வந்து கற்பிக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்யத் தொடங்கினார். சிறு சிறு படிகள், ஒவ்வொன்றுக்கும் உடனடி விடை. இன்று செயலிகளில் மின்னும் பச்சைக் குறியின் தாத்தா அந்தப் பெட்டி. 1984-இல் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் இதே சிக்கலை வேறு பக்கத்திலிருந்து எடுத்தார். தனி ஆசிரியரிடம் படித்த சராசரி மாணவர், வகுப்பறையில் படித்தவர்களில் 98 விழுக்காட்டினரை முந்தினார் என்று காட்டி, எல்லோருக்கும் தனி ஆசிரியர் வைக்க முடியாதே, அந்தப் பலனை வேறு எப்படிக் கொண்டுவருவது என்று கேட்டார். புளூம் சொன்ன அளவு மிகை என்று பின்னால் தெரிந்தது. 2011-இல் கர்ட் வான்லேன் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தனி ஆசிரியரின் பலன் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. ஆனால் அந்தக் கேள்வி நிலைத்துவிட்டது. கல்வி மென்பொருள் என்ற தொழிலின் பெரும்பகுதி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே ஓடிக்கொண்டிருக்கிறது.

வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்கவைக்கிறவர்களுக்கு அந்தச் சிக்கலே இல்லை. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறார், அழுக்குச் சட்டையோடும் பாதி தூக்கத்தோடும் இருந்தாலும். முப்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில் பார்க்க முடியாத ஆசிரியருக்காகச் செய்த கண்ணாடியை, ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்க்க நான் மாட்டிக்கொண்டேன். மகள் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் அறிக்கையைப் பார்த்தேன்.

வீட்டில் இருக்கும் குறைகள் வேறு. எனக்குத் தெரியாதவை ஏராளம். என் பொறுமைக்கு எல்லை உண்டு. பிள்ளைகளுக்குப் பேச்சுத் துணை குறைவு. இந்த மூன்றுக்கும் கருவிகள் உதவியிருக்கின்றன, அதுவும் நன்றாகவே.

மின்சுற்றை எடுத்துக்கொள்வோம். எனக்கு மின்சாரம் என்றால் பயம். பள்ளியில் பாடம் புரியாமலேயே தேர்ச்சி பெற்றவன். மகள் மின்கலத்தோடும் சிறு விளக்கோடும் வந்து, இரண்டு விளக்குகளை வரிசையாக இணைத்தால் ஏன் மங்குகின்றன, பக்கம் பக்கமாக இணைத்தால் ஏன் மங்குவதில்லை என்று கேட்டாள். எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். மறுபடி கேட்டாள். வேறு விதமாகச் சொன்னேன். மூன்றாம் முறை, "புரிந்துவிட்டது" என்றாள். புரியவில்லை என்று அவள் குரலே சொன்னது. பிறகு ஒரு காணொளியை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாள். ஒரே இடத்தை நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி ஓட்டி, பதினொரு முறை கேட்டாள். நான் எண்ணினேன். என்னிடம் ஏன் அப்படிக் கேட்கவில்லை என்றதற்கு, "மூன்றாவது தடவை உங்கள் மூக்கு விடைக்கும்" என்றாள்.

பின்னாளில் கான் அகாடமி என்ற இணையப் பள்ளியைத் தொடங்கிய சால் கான் 2004-இல் தொலைவில் இருந்த உறவுக்காரப் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி, 2006-இல் பாடங்களை யூடியூபில் ஏற்றியபோது, உறவுக்காரப் பிள்ளைகள் நேரில் இருக்கும் அண்ணனைவிடக் காணொளியில் இருக்கும் அண்ணனே மேல் என்றார்களாம். நேரில் ஒருவரைப் பத்து முறை திருப்பிச் சொல்லச் சொல்வது சங்கடம். காணொளிக்கு மூக்கு விடைக்காது. பதினொன்றாவது முறைக்குப் பிறகு அவள் என்னிடம் வந்து, தண்ணீர்க் குழாய் இரண்டை வரைந்து, எனக்கு விளக்கினாள். இப்போது எனக்கும் கொஞ்சம் புரிகிறது.

துணை என்ற குறையைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்கு ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊர் நினைவுக்கு வரும். அக்கம்பக்கம் என்று சொல்ல ஒரு வீடுகூட இல்லாத பண்ணைகளில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாடங்கள் அஞ்சலில் வந்துகொண்டிருந்தன. ஆல்ஃபிரட் ட்ரேகர் என்ற பொறியாளர் 1920-களின் இறுதியில், காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கிப் பேசும் வானொலிக் கருவி ஒன்றைச் செய்திருந்தார். அது விமானத்தில் பறந்துவரும் மருத்துவர்களை அழைப்பதற்காகப் பண்ணைகளுக்கு வந்தது. பிள்ளைகள் அந்த வானொலியை எவ்வளவு இயல்பாகக் கையாளுகிறார்கள் என்பதைக் கவனித்தவர் அடிலெய்ட் மீத்கே என்ற கல்வியாளர். இதிலேயே பள்ளி நடத்தினால் என்ன என்று கேட்டார். 1951-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வானொலிப் பள்ளி தொடங்கியது. ஏட்டுப் பாடத்துக்கு அஞ்சல் போதுமாக இருந்தது. ஆனால் தன் வயதுப் பிள்ளை ஒன்று பேசுவதைக் கேட்க அஞ்சலால் முடியாது. வானொலி செய்த பெரிய வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டிலும் புதன்கிழமை மாலைகளில் வேறு மூன்று குடும்பங்களின் பிள்ளைகளோடு காணொளி அழைப்பு உண்டு. அதற்குப் பாடத்திட்டம் எதுவும் இல்லை. ஆளுக்கொரு புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் வாசிக்கவேண்டும் என்பது மட்டுமே விதி, அதுவும் பாதி நாள் மீறப்படும். ஒரு மாதம் முழுக்க அவர்கள் நால்வரும் தமக்குள் ரகசிய எழுத்து ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். பெரியவர்களுக்கு அனுமதி இல்லை. நான் கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்டதில் தெரிந்துகொண்டது, ஒற்றெழுத்துகளை என்ன செய்வது என்று பெரிய சண்டை நடக்கிறது என்பது. இலக்கண வகுப்பில் அவ்வளவு சூடு வந்ததே இல்லை.

இனி நான் ஆசைப்பட்டு எழுதவந்த பகுதி. பூனை.

சீமோர் பேபர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபியர்சைக் ஆகியோர் 1967-இல் குழந்தைகளுக்காக லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். அதில் பின்னர் வந்து சேர்ந்த ஆமை, "முன்னே போ, வலப்பக்கம் திரும்பு" என்று சொன்னால் நகர்ந்து கோடு வரையும். அந்த வழியில் எம்.ஐ.டி ஊடக ஆய்வகத்திலிருந்து 2007-இல் வெளிவந்தது ஸ்கிராட்ச். ஆமை இருந்த இடத்தில் ஆரஞ்சு நிறப் பூனை. கட்டளைகளைக் கட்டைகள் போல ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கவேண்டும். காசு கேட்காது, கிண்ணம் கொடுக்காது.

மகள் சமபக்க முக்கோணம் வரைய விரும்பினாள். சமபக்க முக்கோணத்தின் ஒவ்வொரு கோணமும் 60 பாகை என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஆகவே: 100 அடி போ, 60 பாகை திரும்பு, இதை மூன்று முறை செய். பூனை புறப்பட்டது. வரைந்து முடித்தபோது திரையில் இருந்தது முக்கோணம் இல்லை. கவிழ்த்துவைத்த பாத்திரம் போல ஏதோ ஒன்று, அடிப்பக்கம் மூடாமல்.

"பூனை தப்பாகச் செய்கிறது" என்றாள்.

நான் கட்டைகளைச் சரிபார்த்தேன். எல்லாம் சரி. எங்கே தவறு என்று எனக்கும் பிடிபடவில்லை என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஏழு வயது இளையவன், யாரும் கேட்காமலே, மூன்று முறைக்குப் பதில் ஆறு முறை என்று மாற்றினான். பாத்திரம் மூடிக்கொண்டது. அழகான அறுகோணம். அவனுக்கு ஏக மகிழ்ச்சி, அவன் அக்காவுக்கு எரிச்சல். கேட்டது முக்கோணம் அல்லவா?

கடைசியில் தரையில் காகிதப் பட்டை ஒட்டிப் பெரிய முக்கோணம் ஒன்று செய்தோம். மகள் அதன்மேல் நடந்தாள். முதல் மூலைக்கு வந்ததும் நிற்கச் சொன்னேன். "இப்போது உன் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது?" நேராக, பட்டையைத் தாண்டி, சுவரைப் பார்த்தது. "அடுத்த பக்கத்தில் நடக்க எவ்வளவு திரும்பவேண்டும்?" மெதுவாகத் திரும்பினாள். திரும்பிக்கொண்டே இருந்தாள். செங்கோணத்தைத் தாண்டியது. அந்த நொடியில் அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். உள்ளே இருக்கும் கோணம் 60. ஆனால் நடக்கிறவர் திரும்புவது வெளிப்பக்கம் இருக்கும் 120. ஓடிப்போய் எண்ணை மாற்றினாள். முக்கோணம் மூடியது.

இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், சலிக்கவில்லை. அந்தக் கணிதச் செயலி அவளிடம் தவறு என்று சொல்லியிருக்கும், சிவப்புக் குறி போட்டிருக்கும். பூனை அப்படி எதுவும் சொல்லவில்லை. அவள் சொன்னதை அப்படியே செய்துகாட்டியது, அவ்வளவுதான். தவறு எங்கே என்று பார்க்க அவள் தன் உடம்பையே கொண்டுபோய் அந்த மூலையில் நிறுத்த வேண்டியிருந்தது. விடையைக் கொடுக்கும் உதவிப் பொத்தான் இல்லாததால் தட்டித்தட்டித் தப்பிக்கவும் வழியில்லை.

பாகை என்றால் என்னவென்றே தெரியாத இளையவன், எண்களை மாற்றி மாற்றிப் போட்டு நான்கு நாட்களில் ஐந்துமுனை நட்சத்திரம் ஒன்றைப் பிடித்துவிட்டான். 144. அது ஏன் 144 என்று அக்கா தம்பிக்கு விளக்கினாள்: நட்சத்திரத்தை வரைந்து முடிக்கையில் பூனை இரண்டு முழுச் சுற்று சுற்றிவிடுகிறது, இரண்டு சுற்றுக்கு 720, ஐந்தால் வகுத்தால் 144. அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நட்சத்திரத்துக்கு வண்ணம் மாற்றிக்கொண்டிருந்தான்.

மனப்பாடத்தைப் பற்றி ஓரிரு வரி. உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இல் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி மறதியை அளந்தார். படித்ததை இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பது ஒரே மூச்சில் படிப்பதைவிட நிற்கும் என்பது அதிலிருந்து தொடங்கிய கதை. இதற்கென்று இன்று நல்ல செயலிகள் உண்டு, அங்கி (Anki) அவற்றில் ஒன்று, பெரியவர்களுக்கு நான் தாராளமாகப் பரிந்துரைப்பேன். எங்கள் வீட்டில் ஓடுவது செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் சொன்ன அட்டைப்பெட்டி. செருப்புப் பெட்டியில் ஐந்து அறை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறை தினமும், கடைசி அறை மாதத்துக்கு ஒருமுறை. அட்டையை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குத் தள்ளும்போது இளையவனுக்கு உண்டாகும் பெருமிதம் திரையில் கிடைக்கவில்லை.

வாசிப்பும் தாளில்தான். இது என் பழமைவாதம் என்று மனைவி கேலி செய்வாள், பாதி உண்மை. மீதிக்கு ஆதாரம் இருக்கிறது. 2000 முதல் 2017 வரை நடந்த 54 ஆய்வுகளை, 1,70,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்றவை, 2018-இல் ஆய்வாளர்கள் தொகுத்துப் பார்த்தார்கள். தகவல் நிறைந்த பனுவலைத் தாளில் படித்தவர்களுக்கே திரையில் படித்தவர்களைவிடப் புரிதல் கூடுதல். நேரக் கட்டுப்பாடு இருந்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. திரைகளுக்குப் பழகப் பழக இந்த வேறுபாடு குறையும் என்று எதிர்பார்த்தால், ஆண்டுகள் செல்லச் செல்லக் கூடியிருக்கிறது. கதைகளில் இந்த வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். எனவே கதை எதில் படித்தாலும் நான் தகராறு செய்வதில்லை.

சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்ததிலிருந்து, பிள்ளைகளை வீட்டில் படிக்கவைக்கும் எவரைச் சந்தித்தாலும் முதல் கேள்வி இதுதான்: பிள்ளைகளை அதைப் பயன்படுத்த விடுகிறீர்களா? எங்கள் வீட்டில் என் கணக்கில், நான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும், அந்த வகைச் செயலி ஒன்றைத் திறக்கலாம். இந்த விதி எப்படி வந்தது என்றால், ஒருநாள் மகள் எழுதிய கட்டுரையில் "பன்முகத்தன்மை வாய்ந்த வாழ்வியல் சூழல்" என்றொரு தொடர் இருந்தது. எறும்புப் புற்றைப் பற்றிய கட்டுரை. முந்தைய நாள் அதே புற்றின் முன் முக்கால் மணி நேரம் குந்தியிருந்து, "ஒன்று செத்தால் இன்னொன்று தூக்கிக்கொண்டு போகிறது, ஆனால் எங்கே போடுகிறது என்று மட்டும் காட்ட மாட்டேன் என்கிறது" என்று என்னிடம் சொன்னவள். செத்த எறும்பு கட்டுரையில் இல்லை. நான் திட்டவில்லை. அவள் சொன்ன வாக்கியத்தை அப்படியே ஒரு தாளில் எழுதி, கட்டுரையின் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் பார்த்தாள். கட்டுரையைக் கிழித்துப்போட்டாள். கொஞ்சம் அழுதாள் என்பதையும் மறைப்பதற்கில்லை. மழமழவென்று இருக்கும் வாக்கியமே நல்ல வாக்கியம் என்று அவளுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பெரும்பாலும் நான்தான்.

அதே செயலி வேறொரு நாள் நல்ல காரியமும் செய்தது, தன்னை அறியாமல். அவள் நான்கு முறை படித்த கதைப் புத்தகம் ஒன்றைப் பற்றி அதனிடம் கேட்டாள். கதையில் இல்லவே இல்லாத ஒரு கிணற்றடிக் காட்சியை அது மிக நம்பிக்கையோடு விவரித்தது. கதாநாயகி கிணற்றில் எட்டிப் பார்த்துத் தன் முகத்தைக் கண்டு மனம் மாறுகிறாளாம். "கிணறே கிடையாது!" என்று மகள் கத்தினாள். புத்தகத்தை எடுத்துவந்து பக்கம் பக்கமாகப் புரட்டினாள், ஒருவேளை தனக்குத்தான் மறந்துவிட்டதோ என்று. கிணறு இல்லை. அச்சிட்டாற்போல் அழகாக வந்து விழும் ஒரு விடையைவிடத் தன் வாசிப்பே சரி என்று நிரூபித்துவிட்ட அந்த மாலை முழுவதும் அவள் இரண்டு அங்குலம் உயர்ந்து நடந்தாள். இப்போது தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைக் கேட்டு, அது எங்கே தடுமாறுகிறது என்று பிடிப்பது அவளுக்கு விளையாட்டு. தெரியாத ஒன்றைக் கேட்டால் எப்படிப் பிடிப்பாய் என்று கேட்டேன். வெகுநேரம் பதில் வரவில்லை. "முதலில் கொஞ்சம் தெரிந்துகொண்டுவிட்டுக் கேட்பேன்" என்றாள்.

பிள்ளைகளின் திரை நேரம் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற நாங்கள் பெரியவர்கள், எங்கள் கைப்பேசியைப் பற்றி மூச்சு விடுவதில்லை. இளையவன் ஒருநாள் வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தான். நடுவில் நிறுத்திவிட்டான். ஏன் என்று கேட்டேன். "நீங்கள் வரும்வரை காத்திருக்கிறேன்" என்றான். நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன், கையில் கைப்பேசியோடு. காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அது இப்போது மேசை இழுப்பறையில் இருக்கிறது. இழுப்பறை அதிரும் சத்தம் கேட்டால் பிள்ளைகள் இருவரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். கடினமான தேர்வு.

வியாழன் கோளைப் பார்க்கத் தொடங்கியது சென்ற மாதம். இரவல் வாங்கிய இருகண்நோக்கியைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டால் வியாழனின் பக்கத்தில் அதன் நிலவுகள் மூன்று சிறு புள்ளிகளாகத் தெரிந்தன. நோட்டில் ஒரு பெரிய வட்டம், அதன் இருபுறமும் புள்ளிகள், நாள், நேரம். மறுநாள் புள்ளிகள் இடம் மாறியிருந்தன. மூன்றாம் நாள் நான்கு புள்ளிகள். வரைந்து முடித்த பிறகுதான் கணினியில் ஸ்டெல்லேரியம் என்ற வானியல் மென்பொருளைத் திறக்கலாம் என்பது மகள் விதித்த விதி. அதில் அந்த நாளின் அந்த நேரத்து வானத்தைக் கொண்டுவந்து, வியாழனைப் பெரிதாக்கி, எந்தப் புள்ளிக்கு என்ன பெயர் என்று எழுதிக்கொள்வோம். முதல் நாள் காணாமல் போன நான்காவது புள்ளி அயோ. அப்போது அது வியாழனுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது என்று மென்பொருள் காட்டியது. அயோ ஒரு சுற்றை இரண்டு நாளுக்குள் முடித்துவிடும், கலிஸ்டோவுக்கு ஏறத்தாழ பதினேழு நாள். இளையவன் கலிஸ்டோவைச் சோம்பேறி என்று அழைக்கிறான்.

கலீலியோவும் 1610 ஜனவரி 7 அன்று மூன்றைத்தான் பார்த்தார், நான்காவது அவருக்குப் பிடிபட ஜனவரி 13 ஆனது என்று சொன்னபோது, மகள் தன் நோட்டைத் திரும்ப ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொண்டாள்.

இந்த வாரம் மூன்று நாளாக மேகம். மூன்று வெற்று வட்டங்கள் நோட்டில் நிற்கின்றன. நேற்று இரவு இளையவன் கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு அழைத்தான்.

"அக்கா, இதில் எல்லாம் இருக்கிறது. பார்த்து வரைந்துவிடலாம்."

"நாம் பார்க்கவில்லையே."

"மேகம் இருந்தால் எப்படிப் பார்ப்பது?"

நான் அப்போது வாயைத் திறந்தேன். கலீலியோவுக்கும் அந்த ஜனவரி 9 அன்று வானம் முழுக்க மேகமாக இருந்தது, அவரும் எதையும் பார்க்கவில்லை என்றேன். இளையவன் நம்பாமல் என்னைப் பார்த்தான். மகள் பென்சிலை எடுத்து, மூன்று வட்டங்களின் கீழும் "மேகம்" என்று எழுதினாள். பிறகு இருவரும் சன்னலுக்குப் போனார்கள்.